கலோரிக் கணக்கு

உடம்பு இளைத்தவளைப் பார்த்தால் ஊர் பரிதாபப்படுகிறது. பெருத்தவளைப் பார்த்தால் புத்தி சொல்ல ஆரம்பித்து விடுகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில், "இன்னும் ஒரு ஜிலேபி போட்டுக்கோங்க, கூச்சப்படாதீங்க" என்று உபசாரம் செய்கிற அதே அம்மாள், கை கழுவும் இடத்துக்குப் பின்னாலேயே வந்து, "என்ன, கொஞ்சம் பூசினாப்பலே ஆயிட்டீங்களே!" என்று விசாரிக்கிறாள். ஜிலேபிக்கும் பூசினாற்போல் ஆனதற்கும் நடுவே ஒரு சம்பந்தம் உண்டு என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்தச் சம்பந்தத்துக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர்தான் கலோரி.

இந்தக் கலோரியோடு ஆறு மாதம் குடித்தனம் நடத்தியவள் நான். இளைப்பதற்கு ஆயிரம் வழி சொல்லும் காலம் இது. எலுமிச்சம்பழச் சாறு, கொள்ளுக் கஞ்சி, நாள் முழுதும் வெந்நீர் என்று தினம் ஒரு யோசனை கைத் தொலைபேசியில் வந்து விழுகிறது. நான் அவற்றில் எதையும் சொல்லப் போவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு சின்னத் தராசு, வீட்டில் இருந்த பழைய ஆழாக்கு - இந்த மூன்றும் என் வீட்டுச் சமையலறையில் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு வயது 47. உயரம் 155 சென்டிமீட்டர். கணக்கு ஆரம்பித்த அன்று எடை 71 கிலோ. இந்த வயதில் இடுப்பு கொடி போல் ஆக வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் வருஷாந்திரப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 117 என்று வந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 6.1. "இது இன்னும் வியாதி இல்லை. வியாதியின் வாசற்படி. உள்ளே போகாமல் திரும்பி வரலாம்" என்றார் டாக்டரம்மா.

வாசற்படி என்றதும் எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது அவளுக்கு வயது 49. கடைசிச் சில வருஷங்களில் பாதத்தில் உணர்ச்சியே இல்லாமல் போய்விட்டது. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. ஒற்றைச் செருப்பு வாசலில் கிடக்கும், அம்மா மற்றொன்றோடு கூடத்தில் நின்று கொண்டு, "என்னடி எல்லாரும் என் காலையே பார்க்கறீங்க?" என்று கேட்பாள். அம்மாவின் அந்த வயதுக்கு எனக்கு இன்னும் இரண்டு வருஷந்தான் பாக்கி. இதற்கு மேல் டாக்டரம்மா பயமுறுத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவர் தைரியமும் சொன்னார். நம் சென்னையிலேயே, இப்படி வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து, 2006-ல் ஓர் ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டார்களாம். சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்து கொண்டவர்களிடையே நீரிழிவு வருவது, வழக்கம்போல் இருந்தவர்களைவிட 28.5 சதவீதம் குறைந்திருந்தது. "உங்கள் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்தால் போதும். தினம் 1,400 கலோரிக்குள் சாப்பிடுங்கள், அரை மணி நடங்கள். ஆனால் முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம். சாப்பிடுவதை எழுதிக் கொண்டு மட்டும் வாருங்கள்" என்று அனுப்பி வைத்தார்.

கலோரி என்பது உணவில் ஒட்டிக் கொண்டிருக்கும் ஒரு பொருள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது வெறும் அளவு. துணிக்கு முழம், பாலுக்கு லிட்டர் மாதிரி, உஷ்ணத்துக்குக் கலோரி. ஒரு கிலோ தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி சென்டிகிரேட் உயர்த்த எவ்வளவு வேண்டுமோ, அதுதான் உணவுக் கணக்கில் ஒரு கலோரி. சாப்பாட்டை அடுப்பு விறகு மாதிரி நினைத்துக் கொண்டால் விஷயம் சுலபமாகி விடும். எரிந்தது போக மிச்ச விறகை உடம்பு பத்திரமாக அடுக்கி வைக்கிறது. எங்கே அடுக்குகிறது என்பதைப் பழைய ரவிக்கைகள் சொல்லும்.

அமெரிக்காவில் அட்வாட்டர் என்ற பேராசிரியர் 1890-களில் இதற்காகவே ஒரு சின்ன அறை கட்டினார். ஆளை உள்ளே விட்டுக் கதவை அடைத்து, அவர் தின்பது, தூங்குவது, உடம்பிலிருந்து வெளிவரும் உஷ்ணம் எல்லாவற்றையும் நாள்கணக்கில் அளந்தார். அவருடைய ஆராய்ச்சியில் பிறந்த வாய்ப்பாடுதான் இன்றைக்கும் நடக்கிறது: மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. அதை வீட்டுக்குள் கொண்டு வந்தவர் ஒரு பெண் டாக்டர். லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் என்பது அவர் பெயர். தாமே நல்ல பருமனாக இருந்து இளைத்தவர். 1918-ல் அவர் கலோரி எண்ணிச் சாப்பிடுவதைப் பற்றி எழுதிய புத்தகம், 1920-களில் அந்த நாட்டில் மிக அதிகமாக விற்ற புத்தகங்களில் ஒன்றாக இருந்தது.

நம் இட்டலிக்கும் சாம்பாருக்கும் கணக்குப் போட்டது யார் என்று கேட்கிறீர்களா? அந்தப் பெருமையில் நம் நீலகிரிக்குப் பங்கு உண்டு. 1918-ல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்னப் பிரிவை ஆரம்பித்தார். அதுவே வளர்ந்து, அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டின் காலத்தில், 1937-ல், இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டது. 1958-ல் அந்த நிலையம் ஹைதராபாத்துக்குப் போயிற்று. இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர். 2017-ல் புதிய அட்டவணை போட்டார்கள். புடலங்காய் முதல் புழுங்கல் அரிசி வரை அதில் இருக்கிறது.

ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள், "நோட்டுப் புத்தகமெல்லாம் எதுக்கும்மா? போன்லேயே கணக்குப் போடலாம்" என்று ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள். அதனிடம் "சாதம் 100 கிராம்" என்றால், ஓர் இடத்தில் 350 என்றது. இன்னோர் இடத்தில் 130 என்றது. இரண்டுமே சரிதான். முதலாவது அரிசி, இரண்டாவது வெந்த சாதம். வேகும்போது அரிசி தண்ணீரைக் குடித்து இரண்டரை மடங்குக்கு மேல் கனத்து விடுகிறது. எதை அளக்கிறோம் என்பதைத் தெரிந்து அளக்காவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். வத்தக் குழம்பு என்று தமிழில் எழுதினால் செயலி விழித்தது. என் வத்தக் குழம்பில் எத்தனை கரண்டி எண்ணெய் என்பது எனக்குத் தெரியும், அதற்கு எப்படித் தெரியும்? நோட்டுப் புத்தகமே போதும் என்று வைத்து விட்டேன்.

முதல் வாரம் எழுதியதில் சில விஷயங்கள் சுவாரசியமாக இருந்தன. எங்கள் வீட்டுத் தட்டில் வார்க்கும் ஓர் இட்டலி ஏறக்குறைய 60 கலோரி. பாவம், சாது. பக்கத்தில் தளதளவென்று உட்கார்ந்திருக்கும் தேங்காய்ச் சட்னி இரண்டு கரண்டி போட்டால் இன்னோர் இட்டலிக்குச் சமம். சர்க்கரை இரண்டு ஸ்பூனும் பாலும் சேர்ந்த ஒரு காபி 105. மூன்று வேளை காபி குடித்தால் 315. ஒரு கைப்பிடி வேர்க்கடலை 165. அரை மணி வேர்க்க விறுவிறுக்க நடந்து விட்டு வந்தால் செலவாவது ஒரு மெதுவடை! புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய் போன்றவை 100 கிராமுக்கு 20 கலோரிகூடத் தேறவில்லை. அவற்றைக் கூடை கூடையாகச் சாப்பிடலாம். ஆனால் தாளிக்கும் எண்ணெய் ஒரு பெரிய கரண்டி 125.

எண்ணெய்க் கணக்கை மாத மளிகைச் சீட்டை வைத்தே போடலாம், தராசுகூட வேண்டாம். நாங்கள் ஐந்து பேர். மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய். ஐந்து லிட்டர் என்பது சுமார் நாலரைக் கிலோ, அதாவது ஏறக்குறைய 41,000 கலோரி. ஐந்து பேருக்கும் முப்பது நாளைக்கும் பகிர்ந்தால் ஆளுக்குத் தினம் 270 கலோரி, கண்ணுக்குத் தெரியாமல்! உங்கள் வீட்டுச் சீட்டையும் ஒரு தரம் எடுத்துப் பாருங்களேன்.

ஆனால் உண்மையான விஷயம் ஐந்தாம் நாள்தான் வெளிப்பட்டது. காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று பத்திகள் பிரித்து எழுதி வந்தேன். எழுதும்போது எந்தப் பத்தியிலும் அடங்காத சில வந்து நின்றன. அவை தட்டிலேயே விழாதவை. அவற்றுக்கென்று நாலாவதாக ஒரு பத்தி போட்டு, "மீந்தது" என்று தலைப்பு எழுதினேன். ஒரு வியாழக்கிழமைக் கணக்கை அப்படியே தருகிறேன்.

பையன் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை - 60. பாத்திரத்தின் அடியில் நின்ற உப்புமா - 85. உருளைக்கிழங்கு வதக்கிய வாணலியில் போட்டுப் பிரட்டிய சாதம் - 120. யாரும் தொடாமல் ஆறிப்போன ஒரு தம்ளர் காபி - 105. ஆக மொத்தம் 370.

சகோதரிகளே, அந்த நாலு வரியையும் பார்த்துக் கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கு ஓவர்டைம் உண்டு. வீட்டில் சமைக்கிறவளுக்கு உள்ள ஓவர்டைம் இதுதான் போலிருக்கிறது! பசித்துச் சாப்பிட்டதில்லை, ருசிக்காகச் சாப்பிட்டதும் இல்லை. வீணாகக் கூடாது என்பதற்காக நின்றுகொண்டே வாயில் போட்டது. மாதத்துக்கு 11,000 கலோரி. ஒரு கிலோ உடம்புக் கொழுப்புக்கு 7,700 கலோரி என்பது பொதுவான கணக்கு. வீட்டின் சிக்கனமெல்லாம் ஒருத்தியின் இடுப்பில் சேமிப்பாகிறது என்றால், அதை வங்கியில் போட்டிருக்கலாமே!

டாக்டரம்மாவிடம் காட்டினேன். மற்ற மூன்று பத்திகளையும் விட்டு விட்டு, நாலாவதைத்தான் வட்டம் போட்டார். "இங்கே நிறைய அம்மாமார்களுக்கு இந்தப் பத்தி இருக்கிறது. யாரும் எழுதுவதில்லை" என்றார்.

நாலாவது பத்தியை ஒழிக்க நான் சாப்பிடாமல் இருந்தால் மட்டும் போதாது. மீறாமல் சமைக்க வேண்டும். மூன்று ஆழாக்கு அரிசி போடுகிற இடத்தில் இரண்டரை போட்டேன். தோசையை அடுக்கி வைக்காமல், கேட்ட பிறகு வார்த்தேன். இதைக் கண்டதும் என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, சோத்தை நிறுத்துப் பார்த்தா சமைக்கிறது? திடீர்னு ஒருத்தர் வந்தா என்ன பண்ணுவே?"

"வந்தா இன்னும் ஒரு ஆழாக்கு வச்சுடலாம் அத்தை. பத்து நிமிஷம்தானே?"

"மீதி இருக்கிற வீடுதாம்மா வீடு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக் கொண்டார்.

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் ஆழாக்கில் அரிசியைத் தலை தட்டிக் கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் இந்த வீட்டுக்கு வந்தது அறுபத்தேழிலே. வீட்டிலே பதினோரு பேர். ரேஷன் அரிசி பத்து நாளைக்குக் காணாது. நானும் இதே ஆழாக்கை வச்சுத்தான் அளந்தேன். எல்லாருக்கும் போட்டப்புறம் எனக்கு இருக்குமான்னு பார்க்க அளந்தேன். நீ, இருக்கே, போதும்னு அளக்கறே. அளவு ஒண்ணுதான். காலம்தான் வேற."

1967-ல் அரிசி விலையே தேர்தல் மேடையில் பேச்சாக இருந்தது. ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி நாடெங்கும் ஒலித்தது. அந்த வருஷத்து மருமகளுக்குச் சட்டியில் ஒட்டியிருக்கும் பருக்கை குப்பை ஆகாது, கண்ணீர் ஆகும். அந்தப் பழக்கம் அத்தையிடமிருந்து எனக்கு வந்தது. என் அம்மாவிடமும் இருந்தது. பஞ்சத்தில் கற்றுக் கொண்ட பாடத்தைப் பஞ்சம் போன பிறகும் நம் வீட்டுப் பெண்கள் விடாமல் படித்துக் கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. "அத்தை, நான் எறியப் போறதில்லை. மீறாமலே பண்ணப் போறேன்" என்றேன். அத்தை ஆழாக்கை வாங்கித் தாமே அரிசியைக் களைந்தார். அவ்வளவுதான் சமாதான உடன்படிக்கை.

இரண்டாவது மாற்றத்தை என் கணவர் செய்தார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி ஐந்து தட்டுகளை எடுத்து வைத்தார். "எல்லாரும் ஒண்ணா உட்காருவோம். வேணும்கிறதை அவங்கவங்க போட்டுப்போம்" என்றார். "கடைசியிலே சாப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம்" என்று அத்தை தயங்கினார். பேரன் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

இந்தக் கணக்கில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் என் மகள் ஒரு தோசையோடு எழுந்தாள். "ஏண்டி?" என்றதற்கு, "போதும்மா. இதுவே 130" என்றாள். எனக்குச் சுரீர் என்றது. அவளுக்கு வயது 16. ஒல்லி உடம்பு, எலும்பு வளரும் வயது. அன்றிலிருந்து நோட்டுப் புத்தகம் என் அலமாரிக்குள் போயிற்று. சாப்பாட்டு வேளையில் கலோரி என்ற வார்த்தை வரக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். "இது அம்மாவோட ரத்தப் பரிசோதனைக்கு வந்த மருந்து. அம்மா மாத்திரையை நீ எடுத்துப்பியா?" என்று கேட்டேன். சிரித்துக் கொண்டே இன்னும் இரண்டு தோசை சாப்பிட்டாள். சிரித்தாளே என்று நான் சும்மா இருந்துவிடவில்லை; கொஞ்ச நாள் அவள் தட்டின்மேல் ஒரு கண் வைத்திருந்தேன். வளரும் குழந்தைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், இளைத்துப் போன முதியவர்கள் - இவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைப்பதும் ஆபத்து.

ஒரேயடியாகக் குறைப்பதும் கூடாது. உட்கார்ந்த வேலை செய்யும் 55 கிலோ எடையுள்ள இந்தியப் பெண்ணுக்குத் தினம் சுமார் 1,660 கலோரி தேவை என்று தேசிய நிபுணர்கள் 2020-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். என் சிநேகிதி ஒருத்தி 800 கலோரித் திட்டம் ஒன்றை எனக்குச் சிபாரிசு செய்தாள். அமெரிக்காவில் மினசோட்டா சர்வகலாசாலையில் 1944, 1945 ஆண்டுகளில் 36 வாலிபர்கள் தாமாக முன்வந்து அரைப் பட்டினி கிடந்தார்கள், யுத்தத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று கண்டுபிடிப்பதற்காக. ஆறு மாதத்தில் உடம்பு மட்டுமா மெலிந்தது? கண்ணை மூடினாலும் திறந்தாலும் சாப்பாட்டு நினைவு. சமையல் புத்தகங்களை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார்களாம்! திடகாத்திரமான வாலிபர்களின் கதியே அது என்றால், ஐந்து பேருக்குச் சமைத்துப் போட வேண்டிய நான் 800 கலோரியில் என்ன ஆவேன்? சிநேகிதிக்கு நன்றி சொல்லி அனுப்பி விட்டேன்.

1,400-ல் வயிறு காயாமல் இருக்க ஒரு வழி உண்டு. சாதத்தைப் பாதியாக்கி, காயைக் கூடுதலாக்கி, பருப்பு, சுண்டல், முட்டை, மோர் என்று புரதத்தைச் சேர்த்துக் கொண்டேன். காபி மூன்றிலிருந்து இரண்டாயிற்று. சர்க்கரை அரை ஸ்பூன். எண்ணெய் ஐந்து லிட்டரிலிருந்து மூன்றரை லிட்டராயிற்று. வீட்டில் யாருக்கும் ருசி வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தது மளிகைக் கடைக்காரருக்குத்தான்.

முதல் இரண்டு மாதத்தில் மூன்று கிலோ இறங்கியது. மூன்றாம் மாதம் தராசு முள் ஆணி அடித்தாற்போல் நின்று விட்டது. அழுகையே வந்தது. டாக்டரம்மா விளக்கம் சொன்னார்: வருமானம் குறைந்தால் கெட்டிக்கார இல்லத்தரசி செலவைச் சுருக்கிக் கொள்கிற மாதிரி, உடம்பும் தன் செலவைச் சுருக்கிக் கொள்ளும். எடை குறையக் குறைய அதைத் தூக்கிக் கொண்டு நடக்கிற செலவும் குறையும். ஆகவே 7,700-க்கு ஒரு கிலோ என்ற கணக்கு காகிதத்தில் நடக்கிற மாதிரி உடம்பில் நடக்காது. அட்டவணை எண்ணும் உத்தேசம்தான். ஒரு வீட்டுச் சாம்பார் இன்னொரு வீட்டுச் சாம்பார் ஆகுமா? எண்களைக் கட்டிக் கொண்டு அழாமல், அவை காட்டுகிற திசையில் நடந்தால் போதும் என்றார். நடந்தேன். நாலாம் மாதம் முள் மறுபடி அசைந்தது.

ஆறு மாதம் முடிந்தபோது 65 கிலோ 400 கிராம். வெறும் வயிற்றில் சர்க்கரை 102. மூன்று மாதச் சராசரி 5.8. வாசற்படியை விட்டு முழுக்க இறங்கி விடவில்லை. ஆனால் கதவுப் பக்கம் முதுகைத் திருப்பி விட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ரத்தம் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. பார்க்கிறேன்.

இப்போது நான் கலோரி எழுதுவதில்லை. கண்ணே தராசாகி விட்டது. நோட்டுப் புத்தகத்தில் நாலாவது பத்தி பல நாளாகக் காலியாகவே இருந்த பிறகு, அதில் பால் கணக்கு எழுத ஆரம்பித்து விட்டேன். ராத்திரியில் ஐந்து தட்டு வைக்கும் வழக்கம் மட்டும் நிலைத்து விட்டது. போன மாதம் என்னோடு துணைக்கு வந்த அத்தையையும் டாக்டரம்மா தராசில் ஏற்றிப் பார்த்தார். 43 கிலோவாக இருந்தவர் 44 ஆகியிருந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் கடைசியில் சாப்பிட்டவர், இப்போது எங்களோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறார் அல்லவா? நான் குறைந்ததைக் காட்டிலும் அத்தை கூடியதில்தான் டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் அதிகம். எனக்கும்தான்.